வயிற்றில் மூன்று வாசல்

வயிற்றில் எங்கே வெட்டுவது என்பது தாதிக்குச் சம்பந்தமில்லாத விசயம் என்றுதான் எனக்குப் படிப்பித்தார்கள். கத்தியை எடுத்துக் கொடுப்பது என் வேலை. கொடுத்த கத்தி எங்கே போகிறது என்பது டொக்டரின் வேலை. என் சேவைக்காலத்தின் பெரும்பகுதி இதை நம்பினேன். மிச்ச வருடங்கள் நம்பாமல் இருந்ததற்காகப் பேச்சு வாங்கினேன். வாங்கினது காணாது என்று இப்போது எழுதவும் உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் சுகந்தி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். என்னிடம் ஒப்பரேசன் தியேட்டர் வேலை பழகிய பிள்ளை. இப்போது அந்தத் தியேட்டருக்கு அவளே பொறுப்புத் தாதி. புதிதாக வந்த சத்திரசிகிச்சை நிபுணர் தாதியருக்கு ஒரு வகுப்பு எடுத்தாராம். திரையில் வயிற்றின் படத்தைப் போட்டு, மூன்று கோடு கீறி, மூன்றையும் ஒப்பிட்டு, கீழ்க்கோடே திறம் என்று முடித்தாராம்.

“சிஸ்டர், இனி எல்லாருக்கும் கீழ் வெட்டுத்தானாம். இதுக்காக நீங்கள் எவ்வளவு சண்டை பிடிச்சனீங்கள். சந்தோசமோ?”

“எல்லாருக்குமோ?”

“ஓம், எல்லாருக்கும்.”

“அப்ப சந்தோசமில்லை. பொறு, எழுதித் தாறன்” என்றேன்.

கீழ் வெட்டுக்காக நான் சண்டை பிடித்தது உண்மை. அந்தச் சண்டை மும்முரத்தில் ஒரு பெண்ணைப் பிழையான வாசலடிக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன் என்பதும் உண்மை. முதலாவதை எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். இரண்டாவதை இதுவரை சொன்னதில்லை.

தியேட்டர் பக்கம் வராதவர்களுக்காக விசயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெருங்குடலில் கட்டி வந்தால் முந்தி வயிற்றை மேலிருந்து கீழாகத் திறப்பார்கள். இப்போது விரல் அகலத்தில் நாலைந்து துளை போட்டு, ஒன்றுக்குள் கமராவை விட்டு, திரையைப் பார்த்தபடி உள்ளுக்குள்ளேயே குடலைப் பிரித்தெடுக்கலாம். ஆனால் பிரித்த குடல் வெளியே வரவேண்டுமே. விரல் துளையால் அது வராது. நெருப்புப்பெட்டி நீளத்துக்கு, சிலவேளை அதைவிடக் கொஞ்சம் கூட, ஒரு வெட்டு வேண்டும். அந்த வெட்டுக்கு மூன்று இடம் உண்டு. தொப்புளையொட்டி நடுவில் நெடுக்காக. இடப்பக்க அடிவயிற்றில் சரிவாக. அல்லது சிசேரியன் வெட்டும் இடத்தில், அடிவயிற்றுக்குக் கீழே குறுக்காக. நான் இவற்றை வாசல் என்றுதான் சொல்வேன். உள்ளே வேலை ஒன்றுதான், வாசல்தான் வேறு. நோயாளி வீட்டுக்குப் போன பிறகு தொல்லை தருவதும் அந்த வாசல்தான்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. யாழ்ப்பாணத்தில் தாதியர் பயிற்சி, பிறகு வன்னி. ஆஸ்பத்திரி இடம்பெயர நானும் இடம்பெயர்ந்தேன். பாடசாலைக் கட்டிடத்திலும், கடைசியில் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழேயும் காயங்களைத் தைத்தேன். யுத்தம் முடிந்து சில வருடங்களில் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டிடம் வந்தது, புதுத் தியேட்டர் வந்தது, அதற்குப் பிறகு ‘சேர்’ வந்தார்.

எத்தனையோ டொக்டர்மார் இருந்தும் எங்களுக்குச் சேர் என்றால் இவர்தான். வவுனியாவில் பிறந்தவர். கட்டையான மனிதர், குரலும் கட்டை. பிழையான கருவியைக் கொடுத்தால் திட்டமாட்டார். அதை வாங்காமல் கையை விரித்தபடியே வைத்திருப்பார். சரியான கருவி வரும்வரை அந்தக் கை அசையாது. திட்டுகிற டொக்டரிடம் வேலை செய்வது இதைவிட எவ்வளவோ லேசு. தியேட்டருக்கு வெளியே கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைக்கத் தொடங்கினால் பயிற்சி டொக்டர்மாருக்கு வேறெங்காவது வேலை வந்துவிடும்.

ஒவ்வொரு ஒப்பரேசனுக்கு முதலும் நோயாளியின் டிக்கெட்டை, அதாவது கட்டிலில் தொங்கும் நோய்க் குறிப்பை, நின்றபடி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாக வாசிப்பார். எங்களுக்கு அவசரம் இருக்கும், அவருக்கு இருக்காது. “டிக்கெட்டில இல்லாதது வயித்திலயும் இல்லை எண்டு நம்பித்தான் நான் கத்தியைத் தொடுறன். எல்லாத்தையும் எழுதுங்கோ” என்பார். வாசித்து முடித்ததும் வெள்ளைப் பலகையில் ஒரு வயிற்றைக் கீறி, நடுவில் தொப்புளுக்கு ஒரு புள்ளி வைத்து, மார்க்கரை யாரிடமாவது நீட்டுவார்.

“எங்கால வெளியில எடுக்கிறது? காரணம்?”

பயிற்சி டொக்டரிடம் நீட்டுவார், மயக்க மருந்து கொடுப்பவரிடம் நீட்டுவார், ஒருமுறை தள்ளுவண்டி கொண்டுவந்த சிற்றூழியரிடமும் நீட்டினார். அவர் கும்பிட்டுவிட்டு வெளியே போய்விட்டார். என்னிடம் நீட்டிய நாட்களில் நான் பேசாமல் நடுவில் ஒரு கோடு போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். அந்தக் காலத்தில் அவரும் நடுவாசல்காரர்தான். கமராவுக்கு ஏற்கெனவே தொப்புளடியில் துளை இருக்கிறது, அதையே நீட்டினால் நேரம் மிச்சம், உள்ளே ஏதும் பிசகினால் மேலும் கீழும் திறக்கலாம் என்று காரணமும் வைத்திருந்தார். தியேட்டர் மேசையில் நின்று பார்த்தால் அது நல்ல காரணம்.

நான் கிளினிக்கிலும் நிற்பவள். அங்கிருந்து பார்த்தால் வேறு மாதிரி இருந்தது. இரணைமடுக் குளத்தில் மீன்பிடிக்கிற கந்தையா அண்ணை ஒப்பரேசன் முடிந்து ஏழெட்டு மாதத்தில் திரும்பி வந்தார். தொப்புளுக்குப் பக்கத்தில் மாங்காய் அளவுக்கு வீக்கம். வெட்டிய இடத்தால் குடல் தள்ளிக்கொண்டு வந்திருந்தது.

“பாரம் தூக்கவேண்டாம் எண்டு சொன்னனாங்கள் எல்லோ அண்ணை?”

“ஆர் பாரம் தூக்கினது? வள்ளத்தைத்தான் கரைக்கு இழுத்தனான்.”

சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம் அவர்மேல் இல்லை. மூன்று மாதம் பாரம் தூக்காதே என்று வன்னியில் ஒருவருக்குச் சொல்வது மூன்று மாதம் சாப்பிடாதே என்று சொல்வதற்குச் சமம். அவர்கள் தூக்குவார்கள் என்று தெரிந்துகொண்டே நாங்கள் வயிற்றின் பலவீனமான இடத்தில் வெட்டிவிட்டு, ஒரு துண்டில் புத்திமதி எழுதிக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தோம். சேரிடம் இதைச் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்தார். அடுத்த ஆளுக்கு இடப்பக்கம் வெட்டினார்.

அந்த அடுத்த ஆள் முல்லைத்தீவில் புடவைக்கடை வைத்திருந்த நிலாம் நானா. வருடக்கணக்காகப் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த குடும்பம். உள்ளே எல்லாம் சரியாக நடந்தது. ஆனால் நானா சாரத்துக்கு மேலே நாலு விரல் அகலத்தில் ஒரு பெல்ட் கட்டுவார். அதன் பூட்டு மிகச் சரியாக எங்கள் தையலில் வந்து உட்கார்ந்தது. ஆஸ்பத்திரிச் சட்டையில் படுத்திருந்தவரின் வயிற்றைத்தான் நாங்கள் பார்த்தோம், பெல்ட்டை யார் கண்டது? புண் இரண்டு மாதம் ஆறவில்லை. “பெல்ட்டைக் கழட்டுங்கோ நானா” என்றால், “மிஸ், இதைக் கழட்டினா நான் ஆரெண்டு கடையில வேலை செய்யிறவனுக்கே தெரியாது” என்றார்.

அதற்குப் பிறகுதான் என் வேலைமுறையை மாற்றினேன். ஒப்பரேசனுக்கு முதல் நாள் பின்னேரம் நோயாளியைச் சொந்த உடுப்பை உடுத்தி எழும்பி நிற்கச் சொல்வேன். பாவாடை நாடா எங்கே இறுகுகிறது, சாரத்தை எங்கே முடிகிறார்கள், தண்ணீர் சுமக்கிற பிளாஸ்டிக் கானை எந்த இடுப்பில் வைக்கிறார்கள், மண்வெட்டி பிடிக்கும்போது வயிறு எங்கே மடிகிறது எல்லாவற்றையும் செய்துகாட்டச் சொல்லி, கழுவினாலும் போகாத பேனையால் தோலில் கோடு போடுவேன். முதல் முறை மேசையில் அந்தக் கோட்டைக் கண்ட சேர் கையை நிறுத்தினார்.

“இது என்ன?”

“பாவாடை நாடா சேர்.”

முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. தியேட்டரில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

“டிக்கெட்டில எழுதினீங்களோ?”

“இல்லை சேர்.”

“எழுதுங்கோ.”

அன்றிலிருந்து எனக்கு ‘பாவாடை நாடாச் சிஸ்டர்’ என்று பட்டம். நல்ல பட்டம்தான், ஓய்வுபெறும்வரை கழற்றவில்லை.

கோடு போடத் தொடங்கினதும் ஒன்று விளங்கியது. நாடாவும் வராத, முடிச்சும் வராத, கானும் முட்டாத இடம் அடிவயிற்றுக்குக் கீழே உள்ள குறுக்கு வாசல்தான். பளையிலிருந்து வந்த ஒரு தங்கச்சிக்குச் சேர் அப்படிச் செய்தார். நோவு குறைவு, தழும்பு வெளியே தெரியாது, தசையும் பலமாக மூடிக்கொண்டது. பிறகு இன்னும் சிலருக்கு. நான் பைத்தியம் பிடித்தவள் மாதிரி ஆகிவிட்டேன். பலகையில் மார்க்கர் என்னிடம் வந்தால் கீழேதான் கோடு. வேறு யாராவது வேறிடம் சொன்னால் கந்தையா அண்ணையின் மாங்காயை எடுத்துவிடுவேன். சரியான ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற தலைக்கனம். இதை இப்போது சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

அந்த நேரத்தில்தான் காமாட்சி வந்தா.

ஜெயபுரம். ஐம்பதை எட்டிய வயது. தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்தவர்கள். புருசன் இல்லை, ஒரு மகன். மற்றவர்களுடைய வயலில் களை பிடுங்குவதும், கச்சான் கடலை கிண்டுவதும், தூரத்துக் குழாயிலிருந்து கானில் தண்ணீர் சுமப்பதும்தான் அவவின் நாள். மலத்தோடு இரத்தம் போகிறது என்று வந்து, பரிசோதித்ததில் பெருங்குடலின் கடைசி வளைவில் புற்றுநோய். பரவவில்லை, வெட்டி எடுத்தால் பிழைக்கலாம் என்ற கட்டம்.

கிளினிக்கில் அன்றைக்குச் சனம் நெரிந்தது. வாங்கில் இடமில்லாமல் சுவரோடு நின்றார்கள். நான் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவவைப் படுக்கச் சொல்லி வயிற்றைப் பார்த்தேன். அடிவயிற்றுக்குக் கீழே குறுக்காக ஒரு பழைய தழும்பு. எனக்குள் சந்தோசம். வாசல் ஏற்கெனவே இருக்கிறது!

“சிசேரியனோ?” என்று கேட்டேன்.

“ஓம் சிஸ்டர்.”

எழுதினேன். அந்த ஒரு சொல் என்னைவிட வேகமாகப் பயணம் செய்தது. வேறு ஊரில் எடுத்த ஸ்கானில் அடிவயிற்றுத் தசையில் சிறிய உலோக நிழல் ஒன்று தெரிந்தது. டிக்கெட்டில் சிசேரியன் என்று கண்டதால், பழைய ஒப்பரேசனில் வைத்த கிளிப்பாக இருக்கலாம் என்று அங்கே எழுதினார்கள். சேர் இரண்டையும் வாசித்தார். பலகையில் மார்க்கரை என்னிடம் நீட்டினார். நான் கீழே கோடு போட்டேன். “பழைய தழும்பாலயே போகலாம் சேர்” என்றேன். “சரி, கீழ” என்றார்.

ஒப்பரேசனுக்கு முதல் நாள் பின்னேரம் மறைப்புத் திரையை இழுத்துவிட்டு, காமாட்சியைச் சேலையோடு நிற்கச் சொன்னேன். நாடாவுக்குக் கோடு போட்டேன். கானை இடது இடுப்பில் வைப்பதாகக் காட்டினா, அதற்கும் ஒரு கோடு. குனிந்து தழும்பைப் பார்த்தபோது அது ஒரு பக்கம் இழுபட்டு, வளைந்து இருந்தது. வலது முனையில் விரலை வைத்தேன். தோலுக்கு அடியில் புளியங்கொட்டை அளவில் ஏதோ கல்லாக இருந்தது. அப்போதும் எனக்கு ஓடவில்லை. பயத்தைப் போக்கக் கதை கொடுப்போம் என்று, “மகன் எந்த ஆஸ்பத்திரியில பிறந்தவர்?” என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தேன். கிளினிக்கில் எங்களைப் போல ஓம் போட்டுப் பேசிய மனுசி, இப்போது மலையகத்து வீட்டுப் பேச்சில் பேசினா.

“அவன் எங்க அக்கா புள்ளைங்க சிஸ்டர்.”

“அப்ப இந்த வெட்டு?”

“நீங்கதான் சிசேரியனான்னு கேட்டீங்க. ஓம்னு சொன்னேன்.”

பிறகு தானாகவே சொன்னா. அக்காவும் தானும் ஒரே பங்கருக்குள் இருந்தது. ஷெல் விழுந்தது. அக்காவுக்கு நெஞ்சில், தனக்கு இங்கே. தறப்பாள் ஆஸ்பத்திரியில் தைத்துவிட்டு, ஷெல்லின் பீஸ், அந்த இரும்புத் துண்டு, உள்ளேதான் இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்றார்களாம். பிறகு என்று ஒன்று வரவில்லை. அக்காவின் பிள்ளையை எடுத்துக்கொண்டு நடந்தாவாம்.

“எழுதிப்புடாதீங்க சிஸ்டர். மகன் வெளிநாடு போறதுக்குப் பேப்பர் குடுத்திருக்கான். ஷெல் காயம்னு எழுதினா, எங்க இருந்த, யாரோட இருந்தன்னு கேட்டு வருவாங்க. அப்புறம் அவன் போக முடியாதுங்க.”

எனக்கு வெட்கமாக இருந்தது. தறப்பாளுக்குக் கீழே இப்படி எத்தனை காயத்தைத் தைத்த கை என்னுடையது. ஷெல் கிழித்த தழும்பு எப்படி இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் சிசேரியனைத்தான் கண்டேன், ஏனென்றால் எனக்குச் சிசேரியன்தான் வேண்டியிருந்தது. நாலு பேர் கேட்க, கையில் பேனையோடு, கேள்வியையும் பதிலையும் நானே சொன்னேன். அந்த மனுசி ஓம் என்பதைத் தவிர வேறென்ன சொல்லும்? வெள்ளைச் சட்டை எதைக் கேட்டாலும் எங்கள் சனம் ஓம் சொல்லும் என்று இவ்வளவு காலம் வேலை செய்தவளுக்குத் தெரியாதா?

சேருக்கு ஏதாவது காரணம் கட்டி வாசலை மாற்றிவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அப்படிச் செய்தால் ஒரு பொய்க்கு மேலே இன்னொரு பொய் ஏறும். காமாட்சியிடம், “நான் இப்ப ஒண்டும் எழுதேல்லை. ஆனா சேருக்குச் சொல்லத்தான் வேணும், அவர்தான் வெட்டுறவர்” என்றேன். அவ என் கையை விடவில்லை. மெல்ல விடுவித்துக்கொண்டு போனேன்.

சேர் அறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். கோப்பையை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஆர் எழுதினது?”

“நான் சேர்.”

“ஆர் கேட்டது?”

“நான்தான் கேட்டனான். பதிலையும் நான்தான் சொன்னனான். அவா ஓம் எண்டு மட்டும் சொன்னவா.”

துடைத்தார். நீண்ட நேரம் துடைத்தார்.

“எழுதாமல் நான் செய்யமாட்டன் சிஸ்டர்.”

“எழுதினா அவா இருக்கமாட்டா சேர். விடிய வந்து பாத்தா கட்டில் வெறுமையா இருக்கும். போனா திரும்பி வராத ஆள். அந்தக் கட்டியோட போய்ச் செத்துப்போவா.”

என் குரல் உயர்ந்துவிட்டது. அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல்தடவை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழும்பினார்.

நோயாளர் விடுதியில், திரைக்குள்ளே, காமாட்சியைக் கட்டிலில் இருக்கச் சொல்லிவிட்டு அவர் ஒரு சின்ன முக்காலியில் இருந்தார். அதனால் அவவை நிமிர்ந்து பார்த்துத்தான் பேசவேண்டியிருந்தது. பலகையில் எங்களுக்குக் கீறுகிற அதே வயிற்றை ஒரு தாளில் அவவுக்குக் கீறினார். நான் பார்க்க, ஒரு நோயாளிக்கு அவர் அதைக் கீறியது அன்றைக்குத்தான்.

“அம்மா, கட்டியை வெளியில எடுக்க மூண்டு வாசல் இருக்கு. நடுவால எடுக்கிறது எனக்கு லேசு. ஆனா நீங்கள் பாரம் தூக்கிற ஆள், பிறகு அதால குடல் தள்ளலாம். கீழால எடுக்கிறது நல்லம் எண்டு நினைச்சம். ஆனா அதில ஒரு உலோகத் துண்டு கிடக்கு. பழைய ஊத்தையோட கிடக்கிற சாமான், அதுக்குப் பக்கத்தில புதுக் காயம் போட எனக்கு விருப்பமில்லை. இடப்பக்கத்தால எடுக்கலாம். ஆனா நீங்கள் கானை அந்த இடுப்பிலதான் வைக்கிறனீங்கள் எண்டு சிஸ்டர் சொல்லுறா.”

காமாட்சி தாளைப் பார்த்தா. இடது இடுப்பைத் தடவினா. பிறகு வலது இடுப்பை.

“வலப்பக்கம் வைக்கப் பழகிக்கிறேன் டொக்டர்.”

“இவ்வளவு காலப் பழக்கம். லேசா மாத்தேலாது.”

“இடுப்பு ரெண்டு இருக்குங்களே. வயிறு ஒண்ணுதானே.”

சேர் என்னைப் பார்த்தார். எவ்வளவு பேரிடம் மார்க்கரை நீட்டியவர். இப்படி ஒரு காரணம் அவருக்கு யாரும் சொன்னதில்லை. டிக்கெட்டை வாங்கி, ‘சிசேரியன்’ என்ற சொல்லை ஒற்றைக் கோட்டால் வெட்டினார். பக்கத்தில் என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னார். பிழை என்னுடையது, கையெழுத்தும் என்னுடையது. அதற்குக் கீழே தான் எழுதினார். எழுதியதைக் காமாட்சிக்குத் தமிழில் வாசித்தும் காட்டினார்: அடிவயிற்றுத் தசையில் பழைய உலோகத் துண்டு. எடுக்கப்படவில்லை.

“எப்பிடி வந்ததெண்டு எழுதேல்லையோ சேர்?” என்று கேட்டேன்.

“எனக்கு எங்க கிடக்கு எண்டு தெரிஞ்சாக் காணும்” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

அடுத்த நாள் காலை கட்டில் வெறுமையாக இருக்கவில்லை.

தியேட்டரில் வழமைபோல டிக்கெட்டை முழுதாக வாசித்தார். காற்று நிரப்பி, தொப்புளடித் துளையால் கமராவை விட்டார். திரையில் வயிற்றின் உள்ளே தெரிந்தது. பயிற்சி டொக்டர் கமராவைக் கீழ்ப்பக்கம் திருப்பினார். சிறுகுடலின் ஒரு வளையம் மேலே எழும்பி, தழும்புக்கு நேர் உள்ளே, வயிற்றுச் சுவரோடு ஒட்டியிருந்தது. நான் பலகையில் கோடு போட்ட அதே இடம். சேர் கையை விரித்தார், அடுத்த கருவியை வைத்தேன்.

கட்டியோடு இருந்த குடலைப் பிரிக்க இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. பிறகு இடப்பக்கம், நாடாக் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே, தோலைத் திறந்தார். தசையை வெட்டாமல், அதன் நார்கள் போகும் திசையிலேயே ஒவ்வொரு படையாக விலக்கிக்கொண்டு போனார். காயத்தின் விளிம்பில் கட்டி உரசாமல் இருக்கப் பிளாஸ்டிக் வளையத்தை வைத்தோம். குடல் அதால் வழுக்கிக்கொண்டு வந்தது. மிச்சக் குடலை இணைத்து, காற்று விட்டுக் கசிவு பார்த்து, மூடும்போது வழமையைவிடச் சின்னச் சின்னத் தையலாக, நெருக்கி நெருக்கிப் போட்டார். நான் இரத்தம் ஒற்றிய துணிகளை எண்ணிச் சரி என்றேன். அவர் இன்னொருமுறை எண்ணச் சொன்னார்.

கமரா எப்படியும் காட்டியிருக்கும்தானே, அப்போதே வாசலை மாற்றியிருக்கலாமே என்று சுகந்தி கேட்பாள், எனக்குத் தெரியும். ஓம், காட்டியிருக்கும். மாற்றியும் இருப்போம். ஆனால் மயக்கத்தில் கிடக்கிற ஆளிடம் எந்த இடுப்பில் தண்ணீர் சுமப்பாய் என்று கேட்க முடியாது. நடுவால் எடுத்திருப்போம், ஏனென்றால் அவசரத்தில் அதுதான் லேசு. காமாட்சி அடுத்த வருடம் மாங்காயோடு வந்திருப்பா.

அந்தக் கிழமையே நான் நோயாளிகளோடு தனியாகப் பேச மேலிடத்தில் ஓர் அறை கேட்டேன். இல்லை என்றார்கள். சாமான் அடுக்கி வைக்கிற அறையைத் தாருங்கள், நானே ஒதுக்கித் துப்புரவாக்குகிறேன் என்றேன். இடம் போதாது என்றார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் போய் நின்றேன். என்னைப் பார்க்கச் சலித்தோ என்னவோ, கடைசியில் கதவுத் திறப்பைத் தந்தார்கள். கதவைப் பூட்டி, டிக்கெட்டை வெளியே வைத்துவிட்டு, தழும்பைக் காட்டி “இது என்ன?” என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளப் பழகினேன். எனக்கு வாயை மூடுவது கஷ்டம். பழகினேன். கீழ் வாசலை இப்போதும் திறம் என்றுதான் சொல்வேன், புது டொக்டரோடு அதில் எனக்குப் பிணக்கில்லை. அவருடைய ‘எல்லாருக்கும்’ என்ற சொல்லோடுதான் பிணக்கு.

காமாட்சி மூன்றாம் நாள் நடந்தா. வலது இடுப்புக்குப் பழக முதல் மாதம் பாதித் தண்ணீர் றோட்டில்தான் போனதாம். ஒரு வருடம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தபோது வயிறு தட்டையாக, வெட்டிய இடம் இறுக்கமாக இருந்தது. மகன் வெளிநாடு போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் என்றா.

அன்று கிளினிக்கில் புதிதாக வந்த பயிற்சி டொக்டர் ஒருவர். நல்ல பிள்ளை, குரல் மட்டும் பெரிது. என்னுடைய அறைக்கு அனுப்பாமல், நடு மண்டபத்தில் வாங்கு நிறையச் சனம் இருக்க, டிக்கெட்டைப் பிரித்துக்கொண்டு கேட்டார்.

“அம்மா, கீழ ஒரு பழைய தழும்பு எண்டு கிடக்கு. அது சிசேரியனோ?”

நான் எதிர்ப்பக்கத்தில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடி வருவதற்கிடையில் காமாட்சி பேசிவிட்டா. சத்தமாகவே பேசினா.

“இல்லைங்க டொக்டர். ஷெல். பீஸ் இன்னும் உள்ளதான் இருக்கு. எழுதுங்க.”

பயிற்சி டொக்டர் என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். “எழுதுங்கோ டொக்டர்” என்றேன். எழுதினார்.

வாங்கின் கடைசியில் ஹேர்னியாவுக்கு, குடலிறக்கத்துக்கு, வந்த வயதான ஒருவர் இருந்தார். தோளில் உள்ள தழும்பு முள்ளுக்கம்பி கிழித்தது என்று அன்று காலைதான் எனக்குச் சொன்னவர்.

“தம்பி, என்ர டிக்கெட்டையும் ஒருக்கால் எடுங்கோ. அதில ஒண்டு மாத்தவேணும்” என்று சொல்லிக்கொண்டே, சேட்டுப் பொத்தானைக் கழற்றியபடி எழும்பி முன்னுக்கு வந்தார்.